அடையாற்றில் வளர்ந்த கூட்டுச் சிகிச்சை

1923-இல் தங்கை சுந்தரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, முப்பது ஆண்டுகளுக்குப் பின், இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் திறந்த புற்றுநோய் மருத்துவமனையில் அப்போது இருந்தவை 12 படுக்கைகளே. அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அதை நடத்திவர, டாக்டர் வி. சாந்தா, கைக்கு எட்டிய அரசுப் பணியை விட்டுவிட்டு 1955-இல் வந்து சேர்ந்தார்.

அங்கு வந்தவர்களில் வாய்ப்புற்று நோயாளிகள் ஏராளம். வெற்றிலையோடு புகையிலையையும் மென்று, கன்னத்தின் ஒரே பக்கத்தில் மணிக்கணக்கில் அடக்கி வைத்திருந்தவர்களுக்கு அதே இடத்தில் வெள்ளைத் திட்டு தோன்றி, ஆறாத புண்ணாகித் தாடைவரை பரவிய பிறகே பலர் மருத்துவரை நாடினர். அறுவைக்கு எட்டாத, கதிர்வீச்சுக்கு மட்டும் அடங்காத அந்நிலையிலும் அவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாததே அடையாற்று ஆராய்ச்சியின் உண்மையான தொடக்கம் எனலாம். ஜப்பானில் கண்டறியப்பட்ட ப்ளியோமைசின் என்னும் மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்துப் பெற்றவர்களையும் கதிர்வீச்சை மட்டும் பெற்றவர்களையும் ஒப்பிட்டு, சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1980-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

குழந்தைகளின் ரத்தப் புற்றிலோ சிக்கல் மூளையில் இருந்தது. ரத்தத்தில் கலக்கும் மருந்துகள் பலவற்றை மூளைக்குள் புகவிடாமல் தடுக்கும் இயற்கை அரணுக்குப் பின்னால் புற்றணுக்கள் பதுங்கிக்கொள்வதால், உடலில் நோய் அடங்கிய பிறகும் அது அங்கிருந்து மீண்டும் தலைதூக்கியது. 1984 முதல் அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் கைக்கொண்ட எம்சிபி 841 என்ற பொதுச் சிகிச்சைமுறையில், குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை மார்போடு சேர்த்து முதுகை வில்லாக வளைத்து, கீழ்முதுகு எலும்புகளுக்கிடையே மெல்லிய ஊசியைச் செலுத்தித் தண்டுவட நீரில் மெத்தோட்ரெக்சேட் மருந்தை ஏற்றினர். தலைக்குக் கதிர்வீச்சும் தந்தனர். 20 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த, நோய் திரும்பாமல் நான்கு ஆண்டுகளைக் கடந்தோரின் அளவு, இம்மையங்களில் 45 முதல் 60 விழுக்காடுவரை உயர்ந்தது.

பிழைத்த குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பியபோது வேறொரு கேள்வி எழுந்தது. வளரும் மூளையில் படும் கதிர்வீச்சு நினைவாற்றலையும் கற்கும் திறனையும் பாதிக்கக்கூடும் என்பதை உலகின் பல மருத்துவமனைகளில் செய்த ஆய்வுகள் காட்டியதால், நோயைத் தடுக்கும் கதிரே மூளைக்குக் காயமாகாதபடி அதைக் குறைத்து, இயன்றவரை தண்டுவட ஊசிமருந்தையே நம்பும் வழிகளை ஆராய்ச்சியாளர்கள் தேடலாயினர்.