முந்நூற்று நான்கு முதல் இணையப் போக்கர் வரை: திறனும் தற்செயலும்

தமிழிலே ‘சீட்டு’ என்னும் சொல் இருபொருள்பட நிற்பது சிந்தனைக்குரியது. மலையகத் தோட்டங்களிலே மாதந்தோறும் பணஞ்சேர்த்து முறைவைத்து எடுப்பதும் சீட்டு. கூடியிருந்து ஆடுவதும் சீட்டு. முன்னதில் ஒருவர் எடுப்பது தாம் இட்ட பணத்தையே. பின்னதில் பணம் பந்தயமாகுமிடத்து ஒருவர் எடுப்பது மற்றவர் இழந்ததை. வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடைப்பட்ட றொசல்ல போன்ற ஊர்களையும் கைப்பேசி வழியாக இணையப் போக்கர் எட்டவல்ல இக்காலத்தில், இவ்விரண்டாம் சீட்டின் வரலாற்றை நோக்குதல் பொருத்தமுடையதாகும்.

சூது தமிழர்க்குப் புதியதன்று. வள்ளுவர் பொருட்பாலிலே அதற்கென 94ஆம் அதிகாரத்தை வகுத்தார். தருமனும் நளனும் நாடிழந்த கதைகளை நாம் வழிவழியாகக் கேட்டு வந்துள்ளோம். ஆயின் அவை கவறாடிய கதைகள். ஐரோப்பியச் சீட்டுக்கட்டு பிற்காலத்து வரவு. ‘ஆடுதன்’, ‘கிளாவர்’ என்னும் பெயர்கள் ஒல்லாந்த மொழியின் ‘ஹார்ட்டன்’, ‘கிளாவர்’ என்பவற்றின் வழிவந்தவை. இலங்கையில் பரவலாக ஆடப்படும் முந்நூற்று நான்கிலே குலாமுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 எனப் புள்ளிகள் அமையும். ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. குலாமும் ஒன்பதும் ஆசை வெல்லும் இம்முறை ஒல்லாந்தரின் ஆட்டங்களோடு உறவுடையதென்பர் ஆய்வாளர். பந்தயமின்றியும் சுவை குன்றாது ஆடத்தக்க ஆட்டம் இது.

போக்கரின் இயல்பு வேறு. 19ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பி ஆற்றுப் படகுகளிலே பரவிய இவ்வாட்டத்துக்குப் பந்தயமே உயிர். 1998இல் பணம் வைத்தாடும் இணையப் போக்கர் தொடங்கியது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர், இணையத் தகுதிச் சுற்றின் வழியாக நுழைந்து உலகப் போட்டியை வென்றமை, எவரும் வெல்லலாம் என்ற நம்பிக்கையை எங்கும் விதைத்தது.

புதிதாகக் கற்பவன் முதலில் அறிய வேண்டுவது சீட்டுச் சேர்க்கைகளின் தரவரிசை. 52 சீட்டுகளிலிருந்து கைக்கு வரும் இரு சீட்டுகள் 1326 வகையாக அமையலாம். அடுத்தது கணக்கு. நடுவிலே 300 ரூபா உள்ளது. தொடர்ந்தாட 100 ரூபா இடவேண்டும் எனக் கொள்வோம். நான்கில் ஒருமுறையேனும் வென்றாலன்றி அது நட்டமே. ஓரினச் சேர்க்கைக்கு ஒரு சீட்டே குறைய, இறுதிச் சீட்டை எதிர்நோக்குவோனுக்கு, காணாத 46 சீட்டுகளில் 9 மட்டுமே உதவும். அஃதாவது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. வேறு ஆதாயம் எதிர்பாராவிடின் விலகுவதே அறிவு. கற்றவன் விலகுகிறான், கல்லாதவன் நம்பிக்கையால் பணமிடுகிறான்.

இக்கணக்கே சட்டத்துறை விவாதத்துக்கும் வழிவகுத்தது. ரம்மி பெரிதும் திறன்சார்ந்தது என இந்திய உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் ஆராய்ந்த சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்களே என்றது. எனினும் 2025இல் இந்திய நாடாளுமன்றம் திறன், தற்செயல் என்ற வேறுபாடு நோக்காது பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. இலங்கையிலோ 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் காலத்தில் இணையம் இல்லை. 2025இலேயே சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேறியது.

ஈண்டு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. ‘திறன் ஆட்டம்’ என்பது புதியவனுக்கு ஆறுதல் தரும் செய்தியன்று. முற்றிலும் தற்செயலான ஆட்டத்தில் அவனும் வல்லவனும் ஒருநிலையினர். திறன் மிகுந்தோறும் வல்லவனின் வெற்றி உறுதிப்படுகிறது. புதியவனின் தோல்வியும் அவ்வாறே. அதன்மேல் ஆட்டந்தோறும் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆதலின் ஆடுவோர் அனைவரையும் ஒருங்கே நோக்கின் இழப்பே எஞ்சும்.

மலையக மக்களின் வரலாற்றிலே கடன் எத்தகையதென்பதை நாம் அறிவோம். தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ அவனைத் தோட்டத்தோடும் கங்காணியோடும் பிணைத்தது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. நெடிய போராட்டத்தின் பின் நாட்கூலி 1000 ரூபாவை எட்டியது 2021இலேதான். 5 ரூபா, 10 ரூபாக் கட்டாயப் பந்தயங்களுடைய மேசையிலே ஒருவன் வழமையாகக் கொண்டு அமரும் தொகையும் அதே 1000 ரூபா. அன்றைய ஒரு நாள் கொழுந்தின் கூலிக்கு நிகரான தொகை ஒரே ஆட்டத்திற் போகலாம்.

போக்கரின் கணக்கைக் கற்பதில் இழுக்கில்லை. நிகழ்தகவைக் கற்பிக்க அதனினும் சுவையான பாடம் அரிது. முந்நூற்று நான்கைப் போன்று புள்ளிகளை வைத்து அதனைக் கற்கலாம். பணம் வைத்துக் கற்போன் செலுத்துவது தன்னைவிட வல்லவர்க்கான கட்டணமே. பிறர் எழுதிய துண்டிலிருந்து விடுபட்ட மக்களின் வழித்தோன்றல்கள் தம் விரலாலேயே புதிய துண்டொன்றை எழுதிக்கொள்ளாதிருத்தல் வேண்டும்.