யத்தீம்கானாக்களில் ஒழுக்கக் கல்வி

பருவமடையும் முன் தந்தையை இழந்த குழந்தையை இஸ்லாமிய மரபு யத்தீம் என்கிறது. நபிகள் நாயகமும் தந்தையைக் காணாமல் பிறந்து, ஆறு வயதில் தாயையும் பறிகொடுத்தவர். குர்ஆனின் நான்காம் அத்தியாயம் யத்தீம்களைப் பற்றிப் பேசுகையில் பொறுப்பாளருக்கே கட்டளையிடுகிறது: அவர்கள் சொத்தை உண்ணக் கூடாது, பக்குவம் வந்ததும் சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைக்க வேண்டும். ஆக, ஒழுக்கக் கல்வியில் முதல் பாடம் வளர்ப்பவருக்குத்தான். பின்வந்த யத்தீம்கானாக்கள் எனும் யத்தீம் இல்லங்களையும் இந்த அளவுகோலால் மதிப்பிடுவதே நியாயம்.

மம்லூக் கால கெய்ரோவில் வக்ஃபு எனும் அறக்கொடை வருவாயில் யத்தீம்களுக்கான மக்தபுகள் என்னும் தொடக்கப் பள்ளிகள் நடந்தன. குர்ஆன் ஓதலும் எழுத்தும் கற்ற பிள்ளைகளுக்கு உணவு, உடைக்கும் வக்ஃபு பத்திரங்களில் வழிசெய்யப்பட்டது. அதற்கும் முன்பே, 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் பிள்ளை வளர்ப்பை விரிவாக ஆராய்ந்திருந்தார். அவரும் தந்தையை இழந்து, ஒரு சூஃபியின் பொறுப்பில் வளர்ந்தவர். பிள்ளையின் முதல் தவற்றைக் கண்டும் காணாமல் விடவேண்டும், ஓயாமல் ஏசினால் ஏச்சே உறைக்காமல் போகும், ஓதி முடித்தபின் விளையாட விடாவிட்டால் உள்ளம் செத்துவிடும் என்கிறார். கண்டிப்பு தளர்ந்தால் ஆதரவற்ற பிள்ளை கெட்டுப்போகும் என்போருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. ஜமாஅத் தொழுகையும் ஓதல் நேரமும் நாளுக்கு ஒழுங்கு தரும். ஆனால் அச்சத்தால் வந்த பணிவு விடுதி வாசலைத் தாண்டி நிலைப்பதில்லை.

மலபாரில் 1921 கிளர்ச்சியில் குடும்பங்கள் சிதைந்தபின், 1922இல் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் இல்லம் எழுந்தது. காலரா பலிகொண்ட 1943இல் திரூரங்காடி யத்தீம்கானா தொடங்கியது. அதன் நிர்வாகமே 1968இல் ஒரு கல்லூரியையும் திறந்தது. மார்க்கக் கல்வி பிள்ளைகளை உலகிலிருந்து ஒதுக்கிவிடும் என்ற குற்றச்சாட்டு இங்கே பொருந்தாது.

கடினமான கேள்வி வேறு: பிள்ளை இல்லத்துக்கு வரத்தான் வேண்டுமா? இந்தோனேசியாவில் முஹம்மதியா உள்ளிட்ட முஸ்லிம் அமைப்புகள் ஏராளமான இல்லங்களை நடத்துகின்றன. அந்நாட்டின் குழந்தைகள் இல்லங்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு, அங்குள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடிருப்பதைக் காட்டியது. வறுமைதான் அவர்களை அங்கே சேர்த்தது. அப்படியானால் தாய்க்குக் கைகொடுத்து, பிள்ளையை அவள் மடியிலேயே வளரவிடுவதுதான் வளர்ப்பவரின் முதல் ஒழுக்கம். இந்தியாவில் 2015இன் சிறார் நீதிச் சட்டம் எல்லா இல்லங்களும் பதிவுசெய்ய வேண்டும் என்றபோது, கேரளத்தில் சில நிர்வாகங்கள் அதைச் சமய உரிமையில் தலையீடு என எதிர்த்தன. சமயப் பாடத்தை அரசு முடக்கிவிடுமோ என்ற கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் யத்தீமின் சொத்துக்கே சாட்சி கேட்கும் மார்க்கத்தில், யத்தீமின் உடலுக்கும் மனத்துக்கும் கணக்குக் கேட்பதை அந்நியத் தலையீடாகக் காண இடமில்லை.