சட்டாம்பிள்ளை முதல் கூல் ஆஃப் டைம் வரை

மலையாளத்தில் ஒருவரைப் பார்த்து 'சட்டம்பி' என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார். ரவுடி என்று அர்த்தம். ஆனால் அதே திருவனந்தபுரத்தில் சட்டம்பி ஸ்வாமிகள் படத்துக்கு விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள் ஏராளம். அங்கே ஒரு தமிழ் வீட்டில் வளர்ந்த எனக்குச் சின்ன வயதில் இது பெரிய குழப்பம்.

விடை நம் தமிழிலேயே இருக்கிறது. சட்டாம்பிள்ளை! திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாணவன். 1853ல் கண்ணம்மூலையில் பிறந்த குஞ்ஞன் பிள்ளை, பேட்டை ராமன் பிள்ளை ஆசானிடம் படித்தபோது ஆசான் அவரை வகுப்புக்குச் சட்டாம்பிள்ளை ஆக்கினார். பிற்பாடு அவர் துறவியாகி ஊரே ஸ்வாமிகள் என்று அழைத்தபோதும் அந்தப் பள்ளிக்கூடப் பட்டம் கூடவே ஒட்டிக்கொண்டது.

இப்போது இந்தக் கதை எதற்கு என்றால், திருவனந்தபுரத்தில் இருக்கும் என் தங்கையின் மகள் நாலாம் வகுப்பு. ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுதப் போகிறாள் (எத்தனை பெயர் மாறினாலும் எல்.எஸ்.எஸ். என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும்). தங்கை போனில் புலம்பினாள். "வாயால கேட்டா எல்லாம் சொல்றா அண்ணா. பேப்பரக் கையில குடுத்தா முழிக்கறா. நீ கொஞ்சம் பேசேன் அவகிட்ட." ஒன்பது வயதுக் குழந்தை. நானோ நியூஜெர்சியில். என்ன பேசுவது என்று யோசித்தபோதுதான் சட்டாம்பிள்ளை நினைவுக்கு வந்தார்.

சட்டாம்பிள்ளையின் வேலை என்ன? மற்ற பிள்ளைகளிடம் பாடம் கேட்பது. எண்சுவடி, வாய்ப்பாடு, நேற்று மணலில் எழுதின எழுத்து, எதுவானாலும் முதலில் அவனிடம் ஒப்பிக்க வேண்டும். அதாவது அங்கே தினமும் பரீட்சை. இன்று தப்பாய்ச் சொன்னால் நாளைக்கு மறுபடி சொல்லிக்கொள்ளலாம்.

இந்த முறையைப் பார்த்து அசந்த வெள்ளைக்காரர் ஒருவர் உண்டு. சென்னையில் அனாதைச் சிறுவர் விடுதி ஒன்றை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல். நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் விடுதியிலும் மணலைக் கொட்டி, பெரிய பையன்களை வைத்துச் சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். ஊர் திரும்பி 1797ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் 'மெட்ராஸ் முறை' என்று பரவியது அதுதான்.

திண்ணைப் பள்ளியைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பிரம்படி உண்டு. எல்லா ஜாதிப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் ஏறிவிட முடியாது. ஆனால் பரீட்சைக்கென்று தனியாக ஒரு பயம் அங்கே இருந்திருக்க வழியில்லை.

பிறகு எப்போது வந்தது?

1834ல் ஸ்வாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். 1857ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது, கூடவே மெட்ரிகுலேஷன் பரீட்சையும். 1866ல் மகாராஜா பள்ளியே கல்லூரியானது (இன்றைய யூனிவர்சிட்டி காலேஜ்). முன்பின் தெரியாத யாரோ கேள்வித்தாள் போடுவார், இன்னொருவர் திருத்துவார். ஒரே நாள், ஒரே வாய்ப்பு. தேறினால் சர்க்கார் உத்தியோகம், தேறாவிட்டால் ஒன்றுமில்லை.

அந்த உத்தியோகங்களில் பெரியவை வெளியிலிருந்து வந்த தமிழ் பிராமணர்களுக்கே போகின்றன என்று 1891ல் பத்தாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். மலையாளி மெமோரியல் என்று சரித்திரத்தில் படித்திருப்பீர்கள். கையெழுத்திட்டவர்களில் டாக்டர் பல்பு ஒருவர். ராமன் பிள்ளை ஆசானின் அதே பேட்டைக்காரர். மருத்துவப் படிப்புக்கான பரீட்சையில் தேறியும் ஈழவர் என்பதால் சொந்த ஊரில் இடம் கிடைக்கவில்லை. சென்னையில் படித்துப் பட்டம் வாங்கி வந்தார். அப்போதும் திருவிதாங்கூரில் வேலை இல்லை. கடைசியில் மைசூர் சமஸ்தானம்தான் அவரை எடுத்துக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பரீட்சைதான் சோறு என்றிருந்த குடும்பங்கள். இன்னொரு பக்கம், தேறியும் கதவு திறக்காத குடும்பங்கள். இரண்டு பக்கமும் பரீட்சை என்றால் வயிற்றைக் கலக்கியதில் நியாயம் இருந்தது. அந்தக் கலக்கத்தை இன்று ஒரு நாலாம் வகுப்புக் குழந்தையின் தலையில் ஏற்றுவதில்தான் நியாயம் இல்லை. அவள் எழுதப்போவது ஒரு சின்ன உதவித்தொகைக்கான பரீட்சை. தேறாவிட்டால் அடுத்த ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குப் போகத்தான் போகிறாள்.

கேரள அரசுக்கும் இது ஒரு கட்டத்தில் புரிந்திருக்கிறது. 1990களின் பிற்பாதியில் ஆரம்பப் பள்ளிப் பாடப்புத்தகங்கள் செய்து பார்த்துக் கற்கும் முறைக்கு மாறின. 2005ல் எஸ்.எஸ்.எல்.சி.யில் மார்க்குக்குப் பதில் கிரேடு வந்தது. முதல் ரேங்க் பிள்ளைக்கு லட்டு ஊட்டும் போட்டோக்கள் பேப்பரிலிருந்து மறைந்தன. (திட்டியவர்களும் நிறைய!)

எனக்கு மிகவும் பிடித்தது கூல் ஆஃப் டைம். கேரளத்து எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் முதல் பதினைந்து நிமிஷம் எழுதக் கூடாது. கேள்விகளைப் படித்து, எதை எப்படி எழுதலாம் என்று யோசிப்பதற்கான நேரம் அது. வினாத்தாளின் தலைப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். பரீட்சை எழுதும் திறமையில் பாதி இதுதான்.

மீதிப் பாதிக்குச் சட்டாம்பிள்ளையிடமே திரும்பவேண்டும். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒருபுறம். ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மறுபுறம். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் முதல் கூட்டம் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் இரண்டாவது கூட்டம்! தினமும் ஒப்பிக்கச் சொன்ன நம் ஆசான்மார்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

ஆக, இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது:

தினமும் போனில் பதினைந்து நிமிஷம். அவள்தான் சட்டாம்பிள்ளை. அவள் கேட்பாள், நான் சொல்லவேண்டும். நான் வேண்டுமென்றே தப்பாய்ச் சொன்னால் "தப்பு மாமா" என்று ஒரு சந்தோஷம். ஆனால் சரியான விடையை அவளே சொன்னால்தான் ஆட்டம் செல்லும்.

வாரம் ஒருநாள் ஒரு தாள். முதல் ஐந்து நிமிஷம் பென்சிலைத் தொடக்கூடாது. ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று தன் வார்த்தையில் சொல்லவேண்டும். 'சரியானதைத் தேர்ந்தெடு', 'பொருந்தாததைத் தேர்ந்தெடு' இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இப்போது அவளே பிடித்துவிடுகிறாள். பிறகு தெரிந்ததை முதலில் எழுது. தெரியாததற்கு ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்து போ. கடைசியில் புள்ளிகளுக்குத் திரும்பி வா. அவ்வளவுதான்.

மார்க்கை நான் கேட்பதில்லை. புள்ளி வைத்த கேள்விகளில் எத்தனைக்குத் திரும்பிப் போனாய் என்றுதான் கேட்கிறேன். முதல் வாரம் ஒன்றுகூட இல்லை. போன வாரம் நான்கு.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள்? சொல்லுங்கள், தங்கைக்கும் சொல்லிவிடுகிறேன்.