புண் மருத்துவத்தில் மீநுண் வெள்ளி: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

ஒரு தொழில்நுட்பத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர், பொருளின் தோற்றத்தையும் பெயரின் தோற்றத்தையும் முதற்கண் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். 'நானோ' என்பது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. நூறு கோடியில் ஒரு கூற்றைச் சுட்டும் முன்னொட்டாக அஃது அனைத்துலக அளவை முறையில் 1960-இல் இடம்பெற்றது. 'நானோ தொழில்நுட்பம்' என்னும் தொடரை 1974-இல் ஆண்டவர் நோரியோ தனிகுச்சி என்னும் சப்பானிய அறிஞர். தமிழில் இதனை மீநுண் தொழில்நுட்பம் என்றும் வழங்குகின்றோம். இது புண் மருத்துவத்திற் புகுந்தது எக்காலத்தில்? பெயர் தோன்றிய பின்னரே என்பார் ஒரு சாரார். பன்னூறாண்டுகட்கு முன்னரே என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் முழுதும் பொருந்தா என்பதை வெள்ளியின் வரலாறு கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கரைசலும் கூழ்மமும்

வெள்ளி நைட்ரேட்டைப் புண்ணைச் சுடுதற்குரிய மருந்தாக ஐரோப்பிய மருத்துவர் நெடுங்காலம் கையாண்டனர். அதன் எரிவு நோக்கி அதற்கு 'நரகக்கல்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரும் வழங்கிற்று. எரிவின்றி வெள்ளியின் பயனைப் பெறும் வழி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே புலப்பட்டது. 1889-இல் அமெரிக்க வேதியியலார் கேரி லீ, கூழ்ம நிலையிலுள்ள வெள்ளியைச் செய்துகாட்டினார். அவர்தம் முறையிற் கிடைக்கும் துகள்கள் 7 முதல் 9 நானோமீட்டர் அளவின என்பது பிற்கால ஆய்வின் முடிபு. 1897-இல் 'கொலார்கோல்' என்னும் கூழ்ம வெள்ளி மருந்து செர்மனியில் வணிக முறையில் வெளிவந்தது. திரெசுடன் நகர அறுவை மருத்துவர் பென்னோ கிரெடே அதன் பயன்பாட்டைப் பரப்பினார்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. லீ அத்துகள்களைச் செய்தாரேனும் அவற்றின் அளவைக் கண்டாரல்லர். சிக்மாண்டியும் சீடன்டாப்பும் மீநுண்ணோக்கியை அமைத்தது 1902-03-ஆம் ஆண்டுகளிலேயாம். அதன் பின்னரே கூழ்மத் துகள்களின் பருமனை மதிப்பிடல் கைகூடிற்று. எனவே, மருந்து முந்திற்று. அதன் இயல்பை அறியும் அறிவு பிந்திற்று.

மறைவும் மீட்சியும்

1940-களில் பெனிசிலின் முதலிய மருந்துகள் பரவவே, வெள்ளி பின்தள்ளப்பட்டது. எனினும், தீப்புண்ணிற் பெருகும் நுண்ணுயிர்கள் அம்மருந்துகட்கு எளிதில் அடங்கவில்லை. ஆதலின் 1965-இல் அமெரிக்க மருத்துவர் மோயரும் அவர்தம் குழுவினரும் 0.5 விழுக்காட்டு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் நனைத்த கட்டினை மீண்டும் புகுத்தினர். 1968-இல் சார்லசு ஃபாக்சு வெள்ளி சல்பாடயசீன் களிம்பை அறிமுகஞ் செய்தார்.

இவற்றுள் கரைசலுக்குக் குறையும் உண்டு. புண்ணில் ஊறும் நீரிலுள்ள குளோரைடு, வெள்ளி அயனிகளைப் பற்றி வீழ்படிவாக்கிவிடும். ஆதலின் கட்டினை அடிக்கடி நனைத்தல் வேண்டும். உடலின் உப்புக்கள் கரைந்து வெளியேறும். பட்ட இடமெல்லாம் கருநிறம் படியும்.

1990-களில் கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் இராபர்ட் பரல் வகுத்த 'ஆக்டிகோட்' என்னும் கட்டுத்துணி இக்குறையைக் களைய முயன்றது. வெற்றிடத்தில் வெள்ளியை ஆவியாக்கி, நெகிழி வலையின்மேல் மீநுண் படிகங்களாகப் படியச் செய்தலே அதன் முறை. துகள் சிறுக்குந்தோறும் எடைக்கேற்ற புறப்பரப்புப் பெருகுதலின், அயனிகள் ஒருங்கே தீராது பன்னாள் சிறிது சிறிதாக வெளிப்படும். அதனை நனைக்க உப்புநீரை விலக்கித் தூயநீரையே பயன்படுத்துமாறு விதித்ததும் குளோரைடின் தடையை உணர்ந்தேயாம். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் தீப்புண்ணுற்ற 30 பேரிடத்து இதனையும் வெள்ளி நைட்ரேட்டையும் ஒப்பிட்டு நோக்கினர். புதிய கட்டினை அகற்றும்போது வலி குறைந்தது. புண்ணில் தொற்றும் குறைந்தது.

மதிப்பீடு

இதுகொண்டு எல்லாப் புண்ணிற்கும் மீநுண் வெள்ளியே மருந்தெனத் துணிதல் பிழையாம். 26 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் மதிப்பாய்வு, வெள்ளிக் கட்டுக்கள் தொற்றைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என 2010-இல் முடிவு கூறிற்று. வெள்ளி, நுண்ணுயிரை அழிப்பதோடு புதிதாக வளரும் தோலின் உயிரணுவையும் தாக்கவல்லது என்பதும் ஆய்வுக்கூடங்களிற் புலனாயிற்று.

நம் சித்த மருத்துவத்தில் வெள்ளிப் பற்பம் உண்டு. சில பற்பங்களில் மீநுண் துகள்கள் காணப்படுவதாக அண்மைக்கால ஆய்வாளர் உரைப்பர். அதனால் முன்னோர் மீநுண் தொழில்நுட்பத்தை அறிந்திருந்தனர் என முடித்தல் சாலுமோ? சாலாது. துகள் இருத்தல் ஒன்று. அதனை அளந்தறிதல் ஒன்று. அறிந்தபின் வேண்டியவாறு ஆக்குதல் மற்றொன்று. லீக்கும் இவ்வளவையே பொருந்தும்; சித்தர்க்கும் இவ்வளவையே பொருந்தும். மேலை நாட்டார்க்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி என ஆராய்ச்சியில் இல்லை. இது முன்னோர் பெருமையைக் குறைப்பதன்று. அவர்தம் செய்ம்முறையை அதன் காலத்திலும் அதன் சொற்களிலும் வைத்து ஆராயும் கடனை நமக்கு உணர்த்துவதேயாம்.

முடிவுரை

புண் மருத்துவத்தில் மீநுண் வெள்ளி 1897 முதலே வழங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளந்தறியப்பட்டது. 1990-களில் அவ்வறிவு கொண்டு திட்டமிட்டு ஆக்கப்பட்டது. பெயரோ இடையில், 1974-இல் தோன்றிற்று. பெயரை நோக்கிக் காலத்தைக் குறுக்குதலும், பொருளை நோக்கி அறிவின் காலத்தை நீட்டுதலும் ஆகிய இரண்டும் வரலாற்று ஆய்வாளர் விலக்கத்தக்கனவாம்.