எல்லை அரண்

எல்லை அரண் என்பது, ஒரு நகரையோ அரண்மனையையோ சூழ்ந்த கோட்டை மதிலினின்று வேறாக, ஒரு ராஜ்யத்தின் விளிம்பு நெடுகிலும் அமைந்த காப்பு. நீர், வெளிநிலம், மலை, காடு ஆகியவற்றை அரணாகவே எண்ணியது திருக்குறள். இயற்கை தந்த இக்காப்பு போதாதென்று கருதிய இடங்களிலேயே பேரரசுகள் சுவர் எழுப்பின.

பழைய சாம்ராஜ்யங்கள்: கி.மு. 221இல் சீன தேசத்தை ஒன்றாக்கிய சின் பேரரசர், வடபுலத்தில் முன்பிருந்த மதில்களை இணைத்து, மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்து இறுக்கிய நெடுஞ்சுவரை எழுப்புவித்தார். மிங் வம்சத்தினர் (1368–1644) செங்கல்லால் அதனைப் புதுக்கியபோது, நம் கொத்தர்கள் சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது போலவே, பசையரிசிக் கஞ்சியைச் சேர்த்துக் குழைத்தனர். பிரிட்டனில் ரோமப் பேரரசர் ஹாட்ரியன் கி.பி. 122இல் தொடங்கிய மதில் ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீளமுடையது. ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் வாயிலுடன் கூடிய ஒரு சிறு காவற்கோட்டை இருந்தமையால், போவார் வருவாரைக் கண்காணிப்பதும் அதன் நோக்கமென்பர். பாரசீகத்தின் கோர்கான் மதில், சுட்ட செங்கல்லால், 195 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டது.

நெடுங்கோட்டை: திருவிதாங்கூர் அரசர் தர்மராஜா, ஹைதர் அலியின் படையெடுப்பை எதிர்நோக்கி, 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் தம் அரசுக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயைக் கொண்டு, கொடுங்கல்லூர்க் கடற்கரைப் பக்கத்திலிருந்து மேற்குமலை அடிவாரம் வரை சுமார் 48 கிலோமீட்டர் தூரம் இவ்வரணை அமைத்தார். மண்மேடும் அகழியும் அடர்ந்த மூங்கிற்புதரும் சேர்ந்த அது, சங்ககாலத்துக் காவற்காட்டை நினைவூட்டுவது. அதன் ஒரு பகுதி கொச்சி நிலத்தில் நின்றதைத் திப்பு சுல்தான் ஆட்சேபித்தார். 1789 டிசம்பரில் தாக்கித் தோல்வியுற்று, அடுத்த ஆண்டு அதைப் பிளந்தார். போரைத் தடுக்க எழுந்த அரணே மூன்றாம் மைசூர் யுத்தத்துக்கு ஒரு காரணமாயிற்று.

பினாங்கும் செபராங் பிறையும்: அந்த யுத்தத்தை நடத்திய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் பெயரைத் தாங்கியது பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் கடற்கரைக் கோட்டை. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் அதனை நிபோங் பனைமரத் தண்டுகளை நட்டு வேலியாகவே தொடங்கினார். பின்னர், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பால் அது செங்கற்கோட்டையாயிற்று. போர் எதனையும் அது கண்டதில்லை. ஆயினும் அதன் பின்னணியில் ஒரு துயரம் உண்டு. பழந்தமிழர் கடாரம் என்றழைத்த கெடாவின் சுல்தான் அப்துல்லா, சயாமுக்கெதிரான படைத்துணையை நாடியே தீவை அளிக்க முன்வந்தார். கம்பெனி அத்துணையை மறுத்தது. தீவை மீட்க எதிர்க்கரையிலுள்ள பிறையில் அவர் திரட்டிய படையை 1791இல் லைட் தாக்கிச் சிதறடித்தார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று உடன்படிக்கை முடிந்தது. 1800இல் எதிர்க்கரை நிலமும் கைமாற, அத்தொகை 10,000 ஆயிற்று. இன்றைய செபராங் பிறையின் சரித்திரம் இவ்வாறு தொடங்கிற்று. அதன் வடவெல்லைக்குச் சுவர் எழவில்லை. முடா ஆறே இன்றளவும் எல்லையாக ஓடுகின்றது. 1821இல் சயாம் கெடாவைக் கைப்பற்றியபோது, அன்றைய சுல்தான் அகமது தாஜுதீன் அடைக்கலம் தேடி வந்த இடமும் பினாங்கே. அவருடைய முன்னோர் வேண்டிய அரண் கல்லாலானதன்று, ஒரு வாக்குறுதியே. அது கட்டப்படவே இல்லை.

ஆகவே எல்லை அரண்களை ஒப்பிடுவோர், அவற்றின் நீளத்தையும் உயரத்தையும் அளப்பதோடு நில்லாமல், அவற்றுக்கு வெளியே விடப்பட்டவர் எவர் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.