உறைகருவின் சரித்திரமும் அதைச் சுமந்த ஸ்திரீகளும்

இங்கிலாந்தின் வடபகுதியில், மான்செஸ்டர் நகரத்துக்கு அருகே, ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் பிரசித்தி பெற்றிருந்த ஓல்டாம் என்னும் ஊரில், பாட்ரிக் ஸ்டெப்டோ என்ற வைத்தியரும், ராபர்ட் எட்வர்ட்ஸ் என்ற சரீர சாஸ்திர நிபுணரும், ஜீன் பர்டி என்ற தாதியும் ஒன்றுகூடிச் செய்த பிரயத்தனத்தின் பலனாக, 1978-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25-ஆம் தேதி உடலுக்கு வெளியே கருவுண்டாக்கப்பட்ட முதல் சோதனைக் குழாய்க் குழந்தையாகிய லூயிஸ் பிரவுன் பிறந்ததை உலகம் அறியும். அந்த ஒரு குழந்தைக்கு முன்னால் நடந்தவற்றை உலகம் அவ்வளவாக அறியாது. 1969 முதல் 1978 வரையில் 282 ஸ்திரீகள் இந்தச் சிகிச்சையை நாடி அங்கே வந்தார்கள். அவர்களுக்கு நடந்த சிகிச்சைச் சுற்றுகள் 457. கருப்பையில் கரு வைக்கப்பட்டது 112 தடவை. கர்ப்பம் தரித்தது ஐந்து தடவை. உயிரோடு பிறந்த குழந்தைகள் இரண்டு. அந்நாளைய குறிப்பேடுகளைப் பல்லாண்டுகளுக்குப் பிறகு ஆராய்ந்தவர்கள் எடுத்துக் காட்டிய கணக்கு இது.

சோதனைக் குழாய்க் குழந்தையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இருவர் பிறந்த மகிழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறார்கள். வெறுங்கையோடு வீடு திரும்பிய மற்றவர்களிடமிருந்து தொடங்குவதே நியாயம் என்பது என் கருத்து. எந்த நாளில் கருமுட்டையை எடுப்பது, எந்த நேரத்தில் கருவை வைப்பது, எந்த மருந்து உதவும், எது கெடுக்கும் என்ற ஞானமெல்லாம் அவர்களுடைய ஏமாற்றங்களிலிருந்தே திரட்டப்பட்டது. இன்று ஒரு கரு ஒட்டாமற்போய், இரண்டாவதும் ஒட்டாமற்போய், மூன்றாவதற்காக மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நிற்கும் ஸ்திரீ, தான் மட்டுமே தோற்றவள் என்று எண்ணி மறுகுவது இயல்பு. ஆனால் அவள் ஒரு நீண்ட வரிசையில் நிற்கிறாள் என்பதைச் சரித்திரம் சொல்லுகிறது.

ஓல்டாமுக்கு வந்தவர்களின் சிரமத்தில் பெரும்பகுதி, ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்ததில் அடங்கியிருந்தது. மயக்க மருந்து, வயிற்றில் துளையிட்டுக் குழலைச் செலுத்திக் கருமுட்டை எடுத்தல், ஆய்வுக்கூடத்தில் காத்திருத்தல், கருவை வைத்தல், பிறகு மாதவிடாய் வந்துவிடுமோ என்ற திகில் ஆகிய யாவும் ஒவ்வொரு முயற்சியிலும் புதிதாக அனுபவிக்கப்பட வேண்டியிருந்தன. ஒரே தடவையில் பல கருக்களை உண்டாக்கி, ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பத்திரப்படுத்த முடியுமானால், அடுத்த முயற்சிக்கு மயக்க மருந்தும் துளையும் தேவைப்படமாட்டா. இந்தக் கருணையுள்ள எண்ணமே உறைகரு என்னும் ஏற்பாட்டின் மூலமாகும்.

ஆனால் உயிருள்ள பொருளைக் குளிரில் உறைய வைத்து மறுபடியும் உயிரோடு மீட்பது எளிய காரியமன்று. உயிரணுவினுள் நீர் இருக்கிறது. நீர் உறைந்தால் பனிப்படிகமாகிறது. அப்படிகத்தின் கூர்முனைகள் அணுவின் மெல்லிய சவ்வைக் கிழித்துவிடுகின்றன. இந்தத் தடைக்கு முதல் பரிகாரம் 1949-ஆம் ஆண்டில், லண்டனில் மில் ஹில் என்ற இடத்திலிருந்த தேசீய வைத்திய ஆராய்ச்சிக் கூடத்தில், கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரால் கண்டறியப்பட்டது. சேவலின் விந்தைப் பழச்சர்க்கரைக் கரைசலில் உறைய வைக்க முயன்றுகொண்டிருந்த அவர்கள், சர்க்கரைக் கரைசல் என்று நம்பி எடுத்த புட்டியில் உண்மையில் கிளிசரின் இருந்ததையும், அதில் உறைந்த விந்து உருகிய பின்பும் அசைந்து ஓடியதையும் கண்டு வியந்தார்கள். அணுவிலுள்ள நீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பனிப்படிகத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு என்ற உண்மை அன்று வெளிப்பட்டது. 1972-இல் டேவிட் விட்டிங்காம், ஸ்டான்லி லைபோ, பீட்டர் மேஸர் என்போர் எலியின் கருக்களை மிக மெதுவாகக் குளிர்வித்து, திரவ நைட்ரஜனின் உஷ்ண நிலையாகிய மைனஸ் 196 டிகிரிக்கும் அதற்குக் கீழும் கொண்டுபோய், மீட்டு, தாய் எலிகளில் வைத்து, உயிருள்ள குட்டிகளைப் பெற்றார்கள். மறு ஆண்டே கேம்பிரிட்ஜில் உறைகருவிலிருந்து ஒரு கன்று பிறந்தது.

அடுத்த அத்தியாயம் கல்கத்தாவில் நிகழ்ந்தது. இந்தச் சரித்திரத்தில் மனத்தை மிகவும் வருத்தும் அத்தியாயமும் அதுவே. கல்கத்தாவிலும் எடின்பரோவிலும் டாக்டர் பட்டம் பெற்றிருந்த சுபாஷ் முகர்ஜி என்ற வைத்தியர், குளிர்விக்கும் நுட்பத்தில் தேர்ந்த சுனித் முகர்ஜியையும், மகப்பேறு வைத்தியரான சரோஜ் காந்தி பட்டாசார்யாவையும் துணையாகக் கொண்டு நடத்திய சிகிச்சையின் பயனாக, லூயிஸ் பிரவுன் பிறந்து பத்து வாரங்களுக்குப் பின்னர், 1978 அக்டோபர் 3-ஆம் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்ததாக அறிவிக்கப்பட்டது. துர்கா பூஜைக் காலத்தில் பிறந்த அக்குழந்தையை உலகம் துர்கா என்றே அறிந்தது. லூயிஸ் பிரவுன் பிறக்கக் காரணமான சிகிச்சையில் செய்யாத மூன்று காரியங்களைத் தாம் செய்ததாக முகர்ஜி கூறினார்: ஊசி மருந்தால் சினைப்பையைத் தூண்டிப் பல முட்டைகளை விளைவித்தது ஒன்று, வயிற்றைத் துளைக்காமல் பிறப்புறுப்பின் வழியாகவே அவற்றை எடுத்தது மற்றொன்று, உண்டான கருவை 53 நாட்கள் உறைநிலையில் வைத்திருந்து, மருந்தின் வேகமெல்லாம் தணிந்த பிறிதொரு மாதத்தில் கருப்பையில் வைத்தது மூன்றாவது.

இம்மூன்றும் இன்று உலகெங்கும் அன்றாட வழக்கமாகிவிட்ட முறைகளின் பூர்வ ரூபங்கள் என்பதை உணரும்போது, அவருக்கு நேர்ந்த கதி இன்னும் கொடியதாகத் தோன்றுகிறது. மேற்கு வங்க சர்க்கார் நியமித்த விசாரணைக் குழு அவர் கூற்றை நம்ப மறுத்தது. குழந்தையின் பெற்றோர் ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சித் தங்கள் பெயரை வெளியிட விரும்பாததால், கண்ணெதிரே காட்டக்கூடிய சாட்சியமும் அவருக்கு வாய்க்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்த அழைப்பை ஏற்றுச் சென்று தம் ஆராய்ச்சியை விளக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981-இல், அவர் பயின்ற துறைக்குச் சம்பந்தமே இல்லாத கண் வைத்திய ஸ்தாபனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு ஜூன் 19-ஆம் தேதி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

சரித்திரம் அவரை அத்துடன் கைவிட்டுவிடவில்லை. 1986 ஆகஸ்டு மாதத்தில் பம்பாயில் இந்திரா ஹிந்துஜாவோடு சேர்ந்து பணியாற்றி, இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உண்டாக்கியவர் என்ற கீர்த்தியை அடைந்திருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்த குமார், 1997-இல் கல்கத்தாவில் முகர்ஜியின் கைப்பிரதிகளைப் பார்வையிட்டார். படித்தவுடன், முதல்வர் என்ற பெருமை தமக்குரியதன்று, முகர்ஜிக்கே உரியது என்று ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார். தமக்கு வந்த புகழைத் தாமே எடுத்து இன்னொருவர் சமாதியின்மேல் வைத்த அந்தச் செயலுக்கு ஈடாகச் சொல்லத்தக்கது நம் நாட்டு விஞ்ஞான சரித்திரத்தில் அதிகமில்லை.

உலகம் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட முதல் உறைகருக் குழந்தை ஆஸ்திரேலியாவில் பிறந்தது. மெல்போர்னில் கார்ல் வுட் என்பவரின் குழுவில் இருந்த ஆலன் டிரவுன்ஸனும் லிண்டா மோரும், எட்டு அணுக்கள் கொண்ட உறைகருவால் உண்டான கர்ப்பத்தை 1983-இல் அறிவித்தார்கள். அந்தக் கர்ப்பம் 24-ஆம் வாரத்தில் அழிந்துபட்டது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் ஸோயி என்ற குழந்தை அதே நகரில் பிறந்தது. ஸோயியின் பெயரைப் புத்தகங்கள் சொல்லுகின்றன. ஆறு மாதத்துக் கர்ப்பத்தை இழந்த அந்த முந்திய தாயை அவை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. அவளுடைய கர்ப்பமே உறைந்த மனிதக் கரு மீண்டும் வளரக்கூடும் என்பதற்கு நிரூபணமாக நின்றது.

இதற்குப் பிறகு நுட்பம் விரைந்து திருந்தியது. 1985-இல் வில்லியம் ரால், கிரகரி பாஹி என்ற இருவர், கருவை மெதுவாகக் குளிர்விப்பதற்கு மாறாகக் கண நேரத்தில் குளிர்வித்து, படிகம் உண்டாக அவகாசமே கொடாமல் கண்ணாடியைப் போல் இறுகச் செய்யும் முறையை எலிக் கருவில் செய்து காட்டினார்கள். ஜப்பானிய விஞ்ஞானி மாஸாஷிகே குவயாமா முதலானோர் அதை மனிதக் கருவுக்கு ஏற்றவாறு செப்பனிட்ட பின்னர், உருக்கும்போது கரு மடிவது அரிதாயிற்று. உறைகரு, மிச்சத்தைச் சேமிக்கும் உபாயம் என்ற நிலையிலிருந்து உயர்ந்து, சிகிச்சையின் பிரதான வழிகளுள் ஒன்றாயிற்று.

சட்டமும் பின்தொடர்ந்து வந்தது. பிரிட்டனில் ஐந்தாண்டுக் காலவரம்பு முடிந்ததால் 1996 ஆகஸ்டில் உரியவர்களின் சம்மதம் வந்து சேராத சுமார் 3,300 உறைகருக்கள் அழிக்கப்பட்டன. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாண்டு வரையில் கருவைப் பாதுகாக்க இடமளிக்கிறது.

காலம் இவ்வாறு கைவசப்பட்டதும் புதிய வழக்கம் ஒன்று பிறந்தது. கருமுட்டை எடுப்பது ஒரு தடவை; கரு வைப்பதோ இரண்டு, மூன்று, நான்கு தடவைகள். ஈஸ்ட்ரஜன் மாத்திரையால் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்து, ஸ்கேனில் அளந்து, புரோஜெஸ்டிரான் தொடங்கி, ஐந்து நாள் வளர்ந்த கருவை உருக்கி, மெல்லிய குழாயால் உள்ளே வைத்து, ஏறக்குறைய இரண்டு வாரம் காத்திருந்து, பீட்டா எனப்படும் ரத்தப் பரீட்சையின் எண்ணை எதிர்பார்ப்பது என்பது ஒரு விரதத்தின் ஒழுங்கோடு நடக்கிறது. உடலின் வேதனை குறைந்தது உண்மை; காத்திருத்தலின் வேதனையோ தவணை தவணையாக நீண்டது.

அந்தக் காத்திருத்தலை வெல்வதற்கென்று வந்த உபாயங்கள் பல. கருப்பையின் உட்சுவரை முன்கூட்டியே லேசாகக் கீறிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பல தேசங்களில் பரவிற்று. நியூஸிலாந்து ஆராய்ச்சியாளர்களின் தலைமையில் ஐந்து நாடுகளில் 1,364 ஸ்திரீகளிடம் நடந்து 2019-இல் வெளியான பரீட்சையில், கீறப்பட்டவர்களிலும் கீறப்படாதவர்களிலும் குழந்தை பெற்றோர் தொகை ஒன்றேயாக, நூற்றுக்கு 26 ஆக, நின்றது. வலியைத் தாங்கியவர்களுக்கு அதனால் யாதொரு பயனும் விளையவில்லை. எல்லாக் கருக்களையும் உறைய வைத்துப் பிறகு வைப்பதே எல்லோருக்கும் மேலானது என்ற எண்ணமும் இவ்வாறே சோதிக்கப்பட்டது: சினைப்பையில் நீர்க்கட்டித் தன்மை உள்ளவர்களுக்கு அது நன்மை செய்தது, அத்தன்மை இல்லாதவர்களுக்கு, வியட்நாமில் நடந்த பரீட்சையின்படி, வித்தியாசம் காணப்படவில்லை.

கரு ஒட்டாமற்போவதற்குரிய காரணங்களில் முதன்மையானது கருவின் குரோமோசோம்களில் நேரும் பிழை. வயது ஏற ஏற அது மிகுகிறது. ஸ்திரீ படியேறினாள், பாரம் தூக்கினாள், கவலைப்பட்டாள் என்பதனால் அது நேருவதில்லை. இதை வைத்தியர் சொல்லவேண்டும்; வீட்டிலுள்ள பெரியவர்களும் அறியவேண்டும். கல்யாண வீட்டிலும் சீமந்தத்திலும் ‘விசேஷம் ஏதாவது உண்டா?’ என்று கேட்கிறவர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆயினும் முந்திய நாள் பீட்டா பொய்த்துப்போன ஒருத்திக்கு அந்த அன்பைத் தாங்கும் சக்தி இருப்பதில்லை. கல்கத்தாவில் ஒரு குடும்பம் ஊராரின் வாய்க்கு அஞ்சி மறைந்திருந்ததன் விலையை ஒரு மேதை தம் உயிரால் கொடுத்தார் என்பதை நினைக்கிறவர்கள், அந்த அச்சத்தை இன்றைக்கும் நீடிக்க விடலாகாது.

ஓல்டாமின் 282 பேரில் பலர் ஒரு தடவையோடு நின்றார்கள். சிலர் மீண்டும் மீண்டும் வந்தார்கள். இரு சாராரும் இந்தச் சாஸ்திரத்துக்குச் சமமாகவே கொடுத்தவர்கள். ஆகையால், உறைந்திருக்கும் அடுத்த கருவை வைத்துக்கொள்வதா, இத்துடன் போதும் என்று நிறுத்திக்கொள்வதா என்ற தீர்மானத்தை, உண்மையான சாத்தியத்தை ஒளிவுமறைவின்றி எடுத்துச் சொன்ன பிறகு, அந்த ஸ்திரீயிடமே விட்டுவிட வேண்டும்; எதைத் தேர்ந்தாலும் அவளைக் குறை கூற எவருக்கும் அதிகாரம் இல்லை.