காலால் மிதிக்கிற பெட்டியின் கதை



போன வாரம் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள்: "டீச்சர், பேரன் காலடியில கிடக்குதே, அது என்ன, எடை பாக்குற மெஷினா?" இல்லை. அதற்குப் பெயர் கிட்டார் மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸர். கிட்டாரிலிருந்து வரும் ஒயர் அதற்குள் போகிறது, உள்ளே ஒலி வேறாக மாறி வெளியே வந்து ஸ்பீக்கருக்குப் போகிறது. மேலே நாலைந்து குமிழ்கள், காலால் அமுக்க இரண்டு மூன்று பொத்தான்கள், வலது ஓரத்தில் தையல் மெஷின் மிதி மாதிரி ஒன்று. அவ்வளவுதான் பார்வைக்கு.

இந்தப் பெட்டியால் எங்கள் வீட்டில் ஒரு மனஸ்தாபம் ஓடிக்கொண்டிருக்கிறது. என் தம்பியை உங்களில் பலருக்குத் தெரியும். 1980களில் கடலூர், விழுப்புரம், திண்டிவனம் என்று திருவிழா திருவிழாவாகப் போய் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவன். ஒருநாள் பேரன் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "இது வாசிப்பு இல்லக்கா, பட்டன் அமுக்கறது. ஏமாத்து வேலை" என்று அவன் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பேரன் சின்னத் தாத்தாவோடு பேசுவதில்லை. வரும் ஜூன் 21 இசைத் திருநாளில் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் (பிரான்சில் 1982இல் ஆரம்பித்த வழக்கம், நம் ஊரிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் நடத்துகிறதே, அதுதான்), இப்போது வேண்டாம் என்கிறான். நான் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு குமிழும் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

எதிரொலியிலிருந்து தொடங்குவோம், அதுதான் பழையது. கிணற்றுக்குள் கத்திப் பார்க்காத பிள்ளை முத்தியால்பேட்டையில் அந்தக் காலத்தில் உண்டா? ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சுவர் 17 மீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்ப 34 மீட்டர், அதாவது பத்தில் ஒரு விநாடி. பேரனின் பெட்டியில் 'டிலே டைம்' என்ற குமிழை 100 மில்லிசெகண்டில் வைத்தால், 17 மீட்டர் தள்ளி ஒரு சுவரை எழுப்பிவிட்டோம் என்று பொருள். குமிழைத் திருகத் திருகச் சுவர் நகர்கிறது.

ஒலிப்பதிவுக்காரர்களுக்கு முதலில் நிஜச் சுவர்தான் கிடைத்தது. 1947இல் சிகாகோவில் பில் புட்னம் என்பவர் ஸ்டூடியோவின் குளியலறையில் ஒரு ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்து, அந்த ஓடுகளில் பட்டுத் திரும்பிய முழக்கத்தைப் பாட்டோடு கலந்தார். அந்த இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது. பிறகு டேப் வந்தது. ஓடும் டேப்பில் ஒரு தலை பதிய, சற்றுத் தள்ளி இன்னொரு தலை அதையே படித்தால் எதிரொலி கிடைக்கும். லண்டனில் 1958இல் வந்த 'காப்பிகேட்', ஜப்பானில் ரோலண்ட் கம்பெனி 1974இல் கொண்டுவந்த 'ஸ்பேஸ் எக்கோ' எல்லாம் இந்த வகைதான். எத்தனை நேரம் கழித்துத் திரும்ப வேண்டும், எத்தனை தடவை, எவ்வளவு சத்தமாக? இந்த மூன்று கேள்விக்கும் ஆளுக்கொரு குமிழ். இன்றைய பெட்டியில் டேப் இல்லை, சக்கரம் இல்லை, ஆனால் 'டைம், ஃபீட்பேக், லெவல்' என்று அதே மூன்று கேள்விகள்தான்.

இங்கே தம்பியை ஒன்று கேட்க வேண்டும். அவன் குழுவில் பாடுகிறவர் மேடையேறியதும் முதல் வேலையாக மைக் செட்காரரைப் பார்த்து, "எக்கோ கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்பார். அதை அன்று யாரும் ஏமாத்து என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்தது கரகரப்பு. இதன் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இது பழுதிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொர்ரி' என்ற பாட்டைப் பதியும்போது, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கலவை மேசையில் கெட்டுப்போன ஒரு வழியாகப் போயிற்று. தேனீக் கூட்டம் மாதிரி ஒரு கரகரப்பு. தூக்கிப் போட்டிருக்கலாம், ஆனால் அப்படியே விட்டார்கள். 1961இல் பாட்டு வெளிவந்ததும் மற்றவர்கள் 'எங்களுக்கும் அந்தச் சத்தம் வேண்டும்' என்று வந்து நின்றார்கள். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்நாடி, கெட்டுப்போன மேசை செய்ததை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே செய்ய வைத்தார். அதை கிப்சன் கம்பெனி வாங்கி 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று விற்றது. காலால் அமுக்க ஒரு பொத்தான், 'வால்யூம், அட்டாக்' என்று இரண்டே குமிழ்கள். முதலில் வாங்க ஆள் இல்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், பின்னால் ஊதுகருவிகள் வரவேண்டிய இடத்துக்கு ஒரு அடையாளமாக இதில் வாசித்து வைத்தார். அந்த அடையாளமே 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டின் முகமாகிவிட்டது. அதன் பிறகு கடையில் சரக்கு மிஞ்சவில்லை.

கரகரப்பு ஏன் வருகிறது? அலையை ஒரு மலை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சுற்று தாங்குகிற அளவுக்கு மேல் ஒலியை ஏற்றினால் மலையின் உச்சி வெட்டுப்பட்டு மேசை மாதிரி ஆகிவிடும். அப்படி வெட்டுப்படும்போது மூல சுருதியோடு அதன் இரட்டிப்பு, மும்மடங்கு என்று மேல் சுருதிகள் கூட்டமாகக் கிளம்பும். எந்த அலையையும் இப்படி எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்று காட்டியவர் பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே. வெப்பத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1822இல் வந்தது. ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்து ஆறு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை அப்போது. வெப்பத்துக்காகப் போட்ட கணக்கு கிட்டாருக்கு உதவுகிறது.

மேல் சுருதிகளைக் கிளப்பும் வித்தை நம்மிடமும் உண்டு. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு சின்ன நூல் வைத்து நகர்த்துவார்களே, ஜீவா என்பார்கள். நூல் சரியான இடத்தில் உட்கார்ந்தால் தம்புரா ரீங்கரிக்கும், ஒரு நூலிழை தள்ளினால் கட்டை மாதிரி செத்துப்போகும். மின்சாரம் கிடையாது, குமிழ் கிடையாது, ஒரு துண்டு நூல். நெசவாளர் ஊரில் பிறந்தவள் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை.

அந்த மிதிக்கு வருகிறேன். 'வா-வா பெடல்' என்பார்கள், 1967இல் கடைக்கு வந்தது. இதை விளக்கத் தொல்காப்பியத்தின் பிறப்பியலே போதும். அ, ஆ வாயைத் திறப்பதால் பிறக்கிறது. உ, ஊ இதழ் குவிவதால் பிறக்கிறது. தொண்டையில் எழும் ஒலி ஒன்றுதான், வாயின் வடிவம் மாறும்போது எழுத்து மாறுகிறது. மிதியின் குதிகால் பக்கம் அழுத்தினால் கிட்டார் 'ஊ' என்கிறது, விரல் பக்கம் அழுத்தினால் 'ஆ' என்கிறது. பேரனுக்கு இதைச் சொன்னதும் அரை மணி நேரம் 'ஊஆ ஊஆ' என்று பெட்டியைப் பேச வைத்துக்கொண்டிருந்தான். தெருவே எட்டிப் பார்த்தது.

தமிழ்நாட்டில் கிட்டாரின் மதிப்பு கூடியதற்கு இளையராஜா ஒரு பெரிய காரணம் என்பது உங்களுக்குத் தெரியும், அவரே கிட்டார் கற்றவர். 1982இல் வந்த 'இளைய நிலா' பாட்டின் கிட்டார் ஆர். சந்திரசேகர் வாசித்தது. அந்தப் பாட்டை வாழ்நாள் முழுக்க முணுமுணுத்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? கேசட் அட்டையில் வாத்தியக்காரர் பெயர் போடும் வழக்கம் அன்று இல்லை. என் தம்பி அந்தக் கிட்டாரை ராத்திரி முழுக்கக் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கற்றான். அவன் கோபத்தில் பாதி அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். விரல் தேயத் தேய அவன் தேடிய ஒலியை இன்றைய பிள்ளை காலால் அமுக்கி எடுக்கிறது.

ஆனால் கர்நாடக இசையிலேயே பாருங்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சாதாரண மாண்டலினை விட்டுவிட்டு, ஐந்து தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினைக் கையில் எடுத்தார். சாதாரண மாண்டலினில் தட்டிய ஒலி உடனே அடங்கிவிடும், கமகம் பேச நேரம் இருக்காது. மின்சாரம் அந்த நேரத்தைக் கொடுத்தது. அவர் விரலில் இருந்த தோடியை எந்தக் கம்பெனியும் உள்ளே வைத்து விற்கவில்லை.

பெட்டிகள் எப்படி ஒன்றாயின என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1977இல் ரோலண்டின் 'பாஸ்' பிரிவு உள்ளங்கை அளவில் தனித்தனிப் பெடல்களைக் கொண்டுவந்தது. ரோலண்டைத் தொடங்கிய இகுட்டாரோ காகெஹாஷி கடிகாரமும் ரேடியோவும் பழுது பார்த்தவர், இளமையில் காசநோயால் மருத்துவமனையில் வருஷக்கணக்கில் கிடந்து ஸ்ட்ரெப்டோமைசினால் பிழைத்தவர். அவரும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் முன்நின்றதால், வேறு வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் 'மிடி' என்ற பொதுமொழி 1983இல் வந்தது. ஒலியை எண்ணாக்கும் சில்லுகள் மலிவானதும் பத்துப் பெடல்கள் ஒரே பெட்டிக்குள் வந்தன. பாஸ் கம்பெனியின் எம்.இ-5 வந்தது 1988இல். விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எண்ணாக்கினால், நாலு நிமிஷப் பாட்டுக்கு ஒரு கோடிக்கு மேல் எண்கள். அத்தனையும் பெட்டிக்குள் பெருக்கப்பட்டு, கழிக்கப்பட்டு, வெளியே வருகின்றன.

எம்.இ-5 மாதிரிப் பெட்டிகள் கொண்டுவந்த பெரிய மாற்றம் நினைவுதான். குமிழ்களை ஒரு விதமாக வைத்துச் சேமித்து, ஒரு எண் கொடுத்துவிட்டால், மறுபடி அந்த எண்ணை மிதித்ததும் எல்லாம் அதே இடத்துக்கு வந்துவிடும். இதைப் 'பேட்ச்' என்கிறார்கள். நம் தறிக்காரர்களுக்கு இது புதிதல்ல. லியோன் நகரத்து ஜக்கார்டு 1804 வாக்கில் செய்த தறியில், துளை போட்ட அட்டைகள்தான் பூ வேலையை நினைவில் வைத்துக்கொள்ளும். அட்டையை மாற்றினால் பார்டர் மாறும். அதற்காகப் புடவையை அட்டை நெய்தது என்று நாம் சொல்வதில்லை.

இப்போது, பெட்டி வைத்திருக்கும் பழைய மாணவர்களுக்காக, பேரன் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டது. 'கெயின்' வேறு, 'லெவல்' வேறு. கெயின் உள்ளே எவ்வளவு நிரம்பி வழிய வேண்டும் என்பது, லெவல் வெளியே எவ்வளவு சத்தம் என்பது. கடையிலிருந்து வரும் பேட்ச்களில் பெரும்பாலும் எல்லாமே அதிகமாக இருக்கும், வாங்குகிறவரை அசத்த வேண்டுமே! பாதியாகக் குறைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். மின்சார லைனின் 'ம்ம்ம்' இரைச்சல் தொல்லை கொடுத்தால் 'நாய்ஸ் கேட்'டைக் கொஞ்சம் ஏற்றலாம். அதிகம் ஏற்றினால் நீளும் சுரத்தின் வாலையும் வெட்டிவிடும். டிலேயைப் பாட்டின் வேகத்தோடு பொருத்த 'டேப் டெம்போ' பொத்தானைத் தாளத்துக்கு மிதித்தால் போதும். நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட். கிட்டார் ஸ்பீக்கர் இல்லாமல் கோயில் மைக் செட்டிலோ சர்ச் மிக்ஸரிலோ நேராகச் சொருகும்போது 'கேபினெட்' என்ற பகுதியை ஆன் செய்யவேண்டும். இல்லாவிட்டால் குளவி கத்துகிற மாதிரி இருக்கும். பேட்ச் மாற்றும்போது சத்தம் ஏறி இறங்காமல் எல்லாவற்றையும் ஒரே அளவில் வைப்பதற்கே அவனுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதைக் காதுதான் செய்ய வேண்டும், பெட்டிக்குத் தெரியாது.

காது என்றதும் என் விஷயம். போன வருஷம் எனக்குக் காது மெஷின் வைத்தார்கள். மெல்லின எழுத்துகள் கேட்டன. ச, ஸ, த எல்லாம் கரைந்துபோயின. போனில் சாந்தியும் காந்தியும் ஒன்றாகவே கேட்டார்கள். பொருத்தின பெண் கம்ப்யூட்டரில் கோடுகளை மேலும் கீழும் இழுத்ததைப் பேரன் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, "ஆயா, இது என் பெட்டிதான்!" என்றான். உண்மைதான். உயர்ந்த ஒலிகளை மட்டும் ஏற்றுவது அவன் பெட்டியின் 'ஈக்வலைசர்'. மெல்லிய பேச்சை உயர்த்தி, பாத்திரம் விழுகிற சத்தத்தை அடக்குவது 'கம்ப்ரஸர்'. ஃபேன் சத்தத்தைக் குறைப்பது நாய்ஸ் கேட்டுக்குச் சொந்தக்காரன். பொத்தானை அமுக்கினால் வீட்டுக்கு ஒன்று, கல்யாண மண்டபத்துக்கு ஒன்று என்று மாறுகிறதே, அது பேட்ச்.

தம்பி வந்தபோது மெஷினைக் கழற்றி அவன் கையில் வைத்தேன். "நீ பேசறத நான் இதுலதான்டா கேக்கறேன். இதுவும் ஏமாத்தா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, காப்பியைக் குடித்தான். போகும்போது பேரன் அறை வாசலில் நின்று, "கெயினைக் கொஞ்சம் கொறச்சுட்டு அந்தத் தொடக்கத்த வாசி, விரல் கேக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, கரகரப்பு இல்லாமல் அதே இடம் இரண்டு தடவை கேட்டது.

பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரான்சிலிருந்து சொல்தா வீட்டு உறவினர்கள் கொண்டுவந்து கொடுத்தது, கைமாறி வந்தது என்று நம் ஊரில் இவை நிறைய சுற்றுகின்றன, அடாப்டர் மட்டும் தொலைந்திருக்கும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை மைனஸ். கடையில் கிடைக்கும் சாதாரண அடாப்டர்களில் பலவற்றுக்கு நடு முனை பிளஸ். பெட்டியின் பின்னால் வட்டத்துக்குள் போட்டிருக்கும் சின்னப் படத்தையும், எத்தனை மில்லி ஆம்பியர் என்பதையும் பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.